பாலைச்சறுக்கி: இலங்கையின்ர வன்னிக் காட்டுக்கு ஒரு பறக்கும் புழு

கற்பனைப் பரிணாமத்தில, அதாவது இல்லாத உயிர்களை அறிவியலுக்குப் பொருந்த உருவாக்கிற வேலையில, பறக்கும் புழு வரையிற ஆக்கள் முதலில சிறகைத்தான் ஒட்டுகினம். அது சரிவராது. மண்புழுவுக்கு எலும்பும் இல்லை, ஓடும் இல்லை. உள்ளுக்கு இருக்கிற திரவத்தின்ர அழுத்தம்தான் உடம்பைத் தாங்குது. சிறகடிக்க நெம்புகோல் எங்க?

காத்தில சறுக்க விடுங்கோ. மண்புழுவின்ர ஏறக்குறைய எல்லா வளையத்திலயும் கைற்றின் (பூச்சி ஓட்டில இருக்கிற உறுதியான பொருள்) கலந்த நுண்முட்கள் இருக்கு. நடு வளையங்களில மட்டும் அதுகளை நீட்டி, இடையில தோலை இழுத்துவிட்டால் குடைக்கம்பி மாதிரி விரியும். பறக்கும் பாம்பு விலா எலும்பை விரிச்சுத் தட்டையாகிற அதே வழி. நீளம் 12 சென்ரிமீற்றர், விரிச்ச அகலம் 3 போதும். உடம்பு தடிச்சால் நேராக் கீழ விழும்.

பெரிய சிக்கல் மூச்சு. புழு ஈரத்தோலாலதான் சுவாசிக்குது. விரிச்ச தோல் இன்னும் கெதியாக் காயும். அதால மாரியில, மழை விட்ட இரவில மட்டும் பாலை, முதிரை மரங்களின்ர உச்சியிலயிருந்து இறங்கட்டும். மரம் ஏறவும் பட்டையில ஈரம் வேணும். சோளகம் எண்ட வறண்ட தென்மேல் காத்து வீசிற மாதங்களில குளத்தடி மண்ணுக்குள்ள சுருண்டு, சளி பூசின சின்ன அறையில உறங்கும். உண்மையான மண்புழுக்களே இப்பிடித்தான் கோடையைக் கடத்துதுகள்.

கண் வைக்காதேங்கோ. தோலில ஒளி உணரும் கலங்கள் ஏற்கனவே இருக்கு. இருட்டான பக்கம் திரும்பி இறங்க அது காணும்.