வாய் திறக்காத ஆடி

ஜூலை 20, ஞாயிறு

ஃபுட்பால் மேட்ச், 0-1 தோல்வி. கடைசி ஆறு நிமிஷத்துல கோல். நான் "விடு"ன்னு கத்தவே இல்ல.

ஜூலை 21

மூக்கு வழியா மெல்லிசா ஒரு ட்யூபை விட்டு டாக்டர் டிவியில காட்டினாரு. குரல் நாண் ரெண்டுலயும் எதிரெதிரா சின்னச் சின்ன முண்டு. கையில காய்ப்புக் காய்க்குதுல்ல, அதே மாதிரிதானாம். ரெண்டு நாணும் ஒழுங்கா ஒட்டாததால பேச ஆரம்பிக்கையில வெறுங்காத்துதான் வருமாம், சத்தம் பின்னாடிதான் வருமாம்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"செல்போன் கடை."

"அதுக்கு எதுக்கு இவ்வளவு கத்துறீங்க?"

"கோல்கீப்பர் சார்."

பதினாலு நாள் பேசக்கூடாது. குசுகுசுன்னும் கூடாது, அதுவும் நாணை இறுக்குமாம். செருமக் கூடாது. விளையாடலாமான்னு எழுதிக் காட்டினேன். விளையாடுங்க, கத்தாதீங்கன்னாரு. ஓடு, மூச்சு விடாதேன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு.

ஜூலை 22

எழுதிக் காட்டினா எல்லாரும் எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சுக்கிறாங்க. டீக்கடை அண்ணன் ரோட்டுக்கே கேக்குற மாதிரி "சீனி கம்மியா?"ன்னாரு. அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் தருது, மூணு வேளையும். தெருமுனை மாரியம்மன் கோயில்ல குழாய் ஸ்பீக்கர் கட்டியாச்சு, விடியக்காலை அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிடுறாங்க. செல்லூர்ல என்னைத் தவிர எல்லாத்துக்கும் தொண்டை நல்லா இருக்கு.

ஜூலை 23

திரும்பத் திரும்ப அதேதான் ஓடுது. ஆடிக் காத்து, செம்மண் தரை, புழுதி. அவங்க பக்கத்துல இருந்து ஒருத்தன் தூக்கி அடிக்கிறான். காத்து என் மூஞ்சிக்கு நேரா. எங்க ஸ்டாப்பர், அதான் எனக்கு முன்னால நடுவுல நிக்கிற டிஃபன்ஸ்காரன், மாமா பையன், என்னைப் பாத்து ஓடி வர்றான். பந்து ஒரு குத்துக் குத்தி எழும்புது. நான் நாலு எட்டு முன்னால வந்துட்டேன். அப்பத்தான் அந்தச் சத்தம். "விடு!" அவன் காலைத் தூக்கிட்டான். பின்னாலயே வந்த அவங்க ஒன்பதாம் நம்பர் தொட்டு உள்ள உருட்டிட்டான்.

"நீதானடா விடுன்ன?" எல்லார் முன்னாடியும்.

அப்பவே தொண்டை கட்டியிருந்துச்சு. இல்லன்னு தலையை ஆட்டினேன், அவ்வளவுதான் முடிஞ்சது.

சட்டம் தெளிவா இருக்கு. எதிராளியை ஏமாத்துறதுக்கு வாயால கத்தினா மஞ்சள் அட்டை, நமக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். அந்த ஒன்பது கத்தியிருந்தா கோலே கிடையாது. ரெஃப்ரி எங்கிட்டோ நின்னாரு, அவருக்கு என்ன கேட்டிருக்கும்? அவங்க ஆரப்பாளையம், நாங்க செல்லூர், நடுவுல ஆறு மட்டும்தான். பேச்சு ஒண்ணு, கூப்பிடுறதும் ஒண்ணு. மைதானத்துல "மாப்ள"ன்னு கத்தினா இருபத்திரண்டு பேரும் திரும்புவான்.

ஜூலை 24

இன்னும் 11 நாள்.

ஜூலை 25, ஆடி வெள்ளி

அத்தை கூழ் கொண்டு வந்துச்சு. "ரெண்டு பேரும் ஏண்டா பேசிக்கிற மாட்றீங்க?" தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "உனக்குச் சரி. அவனுக்கு என்னவாம்?"

அத்தை இன்னும் செத்த நேரம் உக்காந்திருந்துச்சு. போகையில, "விடுடா, பந்து விளையாட்டுதான?"ன்னு சொல்லிட்டுப் போச்சு.

ஜூலை 26

பெரியார் பஸ் ஸ்டாண்ட் போற வழியில சிக்னல்ல நின்னப்ப ஞாபகம் வந்துச்சு. 1966 உலகக் கோப்பை, இங்கிலாந்து-அர்ஜென்டினா. அர்ஜென்டினா கேப்டன் ராட்டினை ஜெர்மன் ரெஃப்ரி வெளிய போகச் சொல்றாரு. இவருக்கு அந்த பாஷை தெரியாது, அவருக்கு இந்த பாஷை தெரியாது. மொழிபெயர்க்க ஆள் கேட்டுக்கிட்டு ராட்டின் நகரவே மாட்டேங்குறாரு. அதுக்கப்புறம்தான் ரெஃப்ரிகளுக்குப் பொறுப்பா இருந்த கென் ஆஸ்டன் ட்ராஃபிக் லைட்டைப் பாத்து மஞ்சள், சிவப்புன்னு யோசிச்சாரு. 1970ல மெக்சிகோவுல அட்டை வந்துச்சு. எனக்கும் ரெண்டு அட்டை வேணும். ஒண்ணுல "ஏறு", ஒண்ணுல "நான் கத்தல".

ஜூலை 27

பிராக்டிஸ். வாயை மூடின பிறகுதான் எவ்வளவு பேசிக்கிட்டிருந்தேன்னு தெரியுது. மைதானத்துல சொல்லு சின்னதா இருக்கணும். "ஆளு வர்றான்"னு முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆள் வந்து காலை வாரிட்டுப் போயிருப்பான். அதனால "ஆளு!" கோச் அண்ணனுக்கு "மேன் ஆன்"தான் பிடிக்கும். ஆள் இல்லன்னா "டைம்". "திரும்பு." டிஃபன்ஸ் மேல போகணும்னா "ஏறு". எதுக்குமே உதவாத சொல்லு "அங்கிட்டு". மதுரைக்காரன் எல்லாருக்கும் வாயில அதுதான் முதல்ல வருது, எங்கிட்டுன்னு எவனுக்கும் தெரியாது.

கை தட்டிப் பாத்தேன். க்ளவுஸுக்குள்ள டொப்புன்னு செத்துப் போச்சு. கோல் போஸ்ட்டை ஸ்டட்ஸால ஒரு எத்து எத்தினேன், "டங்"! நாலு பேரும் ஏறிட்டாங்க. அவனும் ஏறினான், திரும்பிப் பாக்காம. ஒரு டங்குன்னா ஏறு, ரெண்டுன்னா கீழ வான்னு கோச் அண்ணன் முடிவு பண்ணிட்டாரு. போஸ்ட்டை விட்டு வெளிய வந்துட்டா நான் ஊமைதான்.

ஜூலை 29

ராத்திரி போன்ல பார்வையில்லாதவங்க ஃபுட்பால். 2004 ஏதென்ஸ்ல இருந்து பாராலிம்பிக்ஸ்ல இருக்கு. பந்துக்குள்ள கிலுக்கு. பந்தை வச்சிருக்கிறவன்கிட்ட பிடுங்கப் போறவன் "வோய்"னு சொல்லியே ஆகணும். ஸ்பானிஷ்ல "நான் போறேன்"னு அர்த்தம், சொல்லலன்னா ஃபவுல். கூட்டம் மூச்சு விடாம உக்காந்திருக்கு. கண்ணுக்குக் கட்டுப் போடாம நிக்கிறது கோல்கீப்பர் ஒருத்தன்தான், பின்னால இருந்து அவன்தான் டிஃபன்ஸுக்கு வழி சொல்றான். அங்க நான் நின்னா நாலு பேரும் சுவத்துல முட்டிக்கிடுவான்.

ஜூலை 30

ஒன்பதாம் நம்பர்தான். சந்தேகமே இல்ல.

ஜூலை 31

மேட்ச் அன்னைக்குச் சாயங்காலம் கோச் அண்ணனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தேன். ஏதோ தேடையில விரல் பட்டு அது ஓடுச்சு. நான் சொன்னது, "அண்ணே, பஸ்ஸுல ஏறிட்டேன்." நாலு தடவை போட்டுக் கேட்டேன். "அண்ணே" இல்ல. "பஸ்" இல்ல. ஹ்ஹ்னு காத்து, அப்புறம் "ல ஏறிட்டேன்".

பந்து குத்தி எழும்பும்போது நான் எப்பவும் கத்துறது "அடிச்சு விடு".

ஆகஸ்ட் 1

வாட்ஸ்அப்ல டைப் பண்ணினேன். அழிச்சேன். "நான்தான் கத்துனேன், ஆனா அது இல்ல" - இதை எப்படி எழுதினாலும் சாக்கு மாதிரியே இருக்கு. கோலுக்கு முன்னாடி அரை நொடியில வாயில வராத ஒரு "அடிச்சு". அதை இங்க மூணு வரியில எழுதினா எவன் நம்புவான்? பக்கத்துல நின்னு, கையைக் காட்டி, வாயால சொல்லணும். இன்னும் மூணு நாள்.

பத்து நாளா அந்த ஒன்பதாம் நம்பரைத் திட்டி எழுதியிருக்கேன். கிழிக்கலாமான்னு பாத்தேன். கிழிக்கல.

ஆகஸ்ட் 2

காத்து கொள்ளை. வலை கட்டப் போனா கொக்கியில நிக்க மாட்டேங்குது.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

காலை 6.10. அம்மா தாலிக்கயிறு மாத்த மஞ்சளோட கிளம்பிடுச்சு, ஆத்துல தண்ணி கணுக்காலுக்குத்தானாம். மேட்ச் 7.30க்கு. ஒரு துண்டுச் சீட்டுல ரெண்டே வார்த்தை எழுதி, முதல் வார்த்தைக்கு அடியில கோடு போட்டு, வலது க்ளவுஸுக்குள்ள வச்சிருக்கேன். வேர்வையில அழியுமோ என்னவோ.

கீழ ஹாரன், ரெண்டு தரம். அவன் வண்டிதான்.