மூடக் கூடாத கதவு

மலையேறத்தான் அந்தப் பண்ணை வீட்டுக்குப் போனேன். முதல் நாளே கணுக்கால் பிசகிவிட்டது. சரி, இனி எங்கே ஏறுவது என்று பழைய மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் கட்டின்மேல் காலை நீட்டி உட்கார்ந்தேன். தலைக்கு மேலே உத்தரத்தை ஒட்டிக் கிண்ணம் போல இரண்டு மண் கூடுகள். தகைவிலான்கள்!

தெற்கே குளிர்காலத்தில் இவை மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். அங்கே கூடு கட்டாது. விருந்தாளியாகவே தெரிந்த பறவையை அதன் சொந்த வீட்டில் பார்ப்பது முதல் தடவை.

வெளியே காற்று பலமாக அடித்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, வீட்டுக்கார அம்மா ஓடி வந்து திறந்தார். வெளியே இரண்டு பறவைகள் கதவருகே வட்டமடித்துக்கொண்டிருந்தன. “மே மாதம் தொடங்கினால் இதை நாங்கள் மூடுவதே இல்லை” என்றார். கோபம் இல்லை, ஆனாலும் எனக்குக் கூச்சமாகிவிட்டது.

ஒரு ஜோடி போன வருடக் கூட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தது. குட்டை ஓரத்துச் சேற்றை அலகில் உருட்டிக் கொண்டுவந்து, காய்ந்த புல்லோடு சேர்த்து அப்பும். புதிய விளிம்பு ஈரத்தில் கறுத்து, காய்ந்ததும் பழைய நிறத்தோடு கலந்துவிடும். புதிதாகக் கட்டினால் ஆயிரம் உருண்டைகூட ஆகும். பறவையின் எடையோ சுமார் 20 கிராம்தான். பழைய கூட்டை ஏன் விடுவதில்லை என்பது புரிந்தது.

அடுத்த கூட்டில் நான்கு குஞ்சுகள். ஆளில்லாத வீடு போல அமைதியாக இருக்கும். வாசலில் ஒரு நிழல் விழுந்தால் போதும், நான்கு மஞ்சள் வாய்களும் ஒரே நேரத்தில் திறந்து கத்தும். தாயும் தகப்பனும் மாறி மாறி வந்தன. வாலில் கம்பி போன்ற நீண்ட இறகு இருப்பது ஆண். பெண்ணுக்குச் சற்றுக் குட்டை. ஒரு மணி நேரம் எண்ணினேன்: 26 தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு பூச்சி அல்ல, வாயில் திரட்டிய ஓர் உருண்டை. அத்தனையும் பறந்துகொண்டே பிடித்தது. இளைப்பு இல்லாதவன் என்று பொருள்படத் தகைவிலான் எனப் பெயர் வைத்தவர் இதையெல்லாம் பார்த்துத்தான் வைத்திருப்பார்.

குஞ்சுகள் சின்னதாக இருக்கும்வரை எச்சத்தை வெள்ளைப் பொட்டலம் போலப் பெற்றோரே தூக்கிப்போய்விடும். வளர்ந்ததும் அவையே திரும்பி உட்கார்ந்து விளிம்புக்கு வெளியே போடும். இவை வளர்ந்தவை என்பதை என் சட்டைத் தோள் சொன்னது. அப்புறம் வைக்கோல் கட்டை நகர்த்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, கூட்டில் மூன்று தலைகள். நான்காவது குஞ்சு ஒரு முழம் தள்ளி உத்தரத்தில் உட்கார்ந்திருந்தது. எப்படி வந்தோம் என்று அதற்கே தெரியாதது போன்ற முழி. தாய் வந்து முதலில் அதற்குத்தான் ஊட்டியது. கூட்டிலிருந்த மூன்றும் கத்தித் தீர்த்தன. ஒன்று விளிம்பில் ஏறி இறக்கையை அடித்துப் பார்த்து, மறுபடி உள்ளே இறங்கிக்கொண்டது. வெளியே கார் ஹாரன் அடித்தது. இன்னும் ஐந்து நிமிடம் என்று கை காட்டினேன். அது இறங்கியது இறங்கியதுதான்.