சுட்டவர்கள் எண்ணிய கணக்கு

வேலூர்க் கோட்டையில் நான் கைடாகக் கூட்டிப்போன கூட்டத்தில் ஒரு பெரியவர் சுவரைப் பார்த்து, 1806-ல் அங்கே செத்த சிப்பாயிடம் பேசுவதுபோல, "உனக்கு எந்த ஊருப்பா?" என்று கேட்டதும் கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஜலகண்டேஸ்வரர் கோயில் நடை சாத்துவதற்குள் எல்லோரையும் கூட்டிப்போக வேண்டுமே என்றுதான் இருந்தது. சிப்பாய்களைச் சுட்டது இந்தச் சுவரோரம்தான் என்று நான் சொல்லவும் இல்லை.

அங்கே கைடுகள் எல்லோரும் சொல்வதைத்தான் சொல்லியிருந்தேன். 1806 ஜூலை 10 விடியுமுன் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது, ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தது, அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 பேரை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டது.

"நூறுன்னு யாரு தம்பி எண்ணினது?"

"சுட்ட பக்கத்து ஆளுங்க எழுதி வச்சதுதான் ஐயா."

அவர் மறுபடி சுவரிடம் ஏதோ முணுமுணுத்தார். அப்புறம் எங்களைப் பார்த்து, "சுதந்திரத்துக்காகத்தான் செத்தேன்னு சொல்றான்" என்றார். நான் சட்டென்று, "அவர் சொல்றாரா, நீங்க சொல்ல வைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பஸ் ஏறும்வரை அவர் என்னிடம் பேசவில்லை.

கேட்டது நியாயம்தான் என்று இன்றும் வாதாடுவேன். தோல் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது என்ற உத்தரவு, கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகள், இதில் எது ஒரு சிப்பாயின் மனதில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லாமே இருந்திருக்கலாம், அவர் சொன்ன சுதந்திரமும்கூடத்தான். ஆனால் வெள்ளைக்காரனின் விசாரணையும் அதே வேலையைத்தானே செய்தது! தலைப்பாகைதான் காரணம் என்றால் உத்தரவு போட்ட தளபதி கிராடக் மேல் பழி, திப்புவின் பிள்ளைகள் என்றால் சதி. ஆளுக்கொரு வசதிக்குச் செத்தவனைப் பேச வைத்தார்கள். கடைசியில் கிராடக்கும் மதராஸ் கவர்னர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டது வேறு கதை. உயிரோடு இருந்த முஸ்தபா பேக் என்ற சிப்பாய் முன்கூட்டியே போய் விஷயத்தைச் சொன்னபோது, பைத்தியம் என்று அடைத்து வைத்தார்கள்; அதே கம்பெனியின் ஆட்கள்தான் பிறகு சாட்சிகளின் வாக்குமூலத்தை எழுதினார்கள்.

அந்தக் காகிதங்களை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். அவற்றிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, காசு கொடுத்துச் சுற்றிப் பார்க்க வந்த வயசான மனுஷரிடம் கேட்டேன். சரி, கேட்காமல் விட்டிருந்தால் மட்டும்? பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சுவர் சொன்னதை வரலாறு என்று ஊருக்குக் கொண்டுபோயிருப்பார்கள், அதற்கும் கைடு சொன்னார் என்று என் பேரைத்தான் சொல்லியிருப்பார்கள்.