எந்த பட்டன்?

இயந்திரங்களுக்கான பயனர் கையேடுகளைத் திருத்துவது என் வேலை. வடிவமைத்த பொறியாளர்கள் ஆங்கிலத்தில் எழுதித் தருவார்கள். இயந்திரத்தை ஓட்டுபவரும் பழுது பார்ப்பவரும் படித்தவுடன் புரிந்துகொள்ளும்படி அதைச் சீர்செய்து அனுப்ப வேண்டும். அதிகமாகத் திருத்துவது எதை என்று கேட்டால் 'எ', 'ஆன்', 'தி' என்ற ஆர்ட்டிகிள்களைத்தான் என்பேன். தமிழ், இந்தி, ரஷ்யன், சீனம் பேசி வளர்ந்தவர்களின் ஆங்கிலத்தில் இவை காணாமல் போகும், அல்லது வேண்டாத இடத்தில் வந்து நிற்கும். அந்த மொழிகளில் ஆர்ட்டிகிள் கிடையாது என்பதால் அது இயல்புதான்.

"'தி' இல்லாவிட்டாலும் அர்த்தம் புரியுதே மேடம்?" என்று புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பல வாக்கியங்களில் புரியத்தான் செய்கிறது. ஆனால் அவர் எழுதிய பக்கத்திலேயே 'செக் வால்வ் பிஃபோர் ஸ்டார்ட்டிங்' என்று ஒரு வரி இருந்தது. இயந்திரத்தைக் கிளப்பும் முன் வால்வைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறார். திரவத்தை ஒரே திசையில் மட்டும் போகவிடும் வால்வுக்கு ஆங்கிலத்தில் பெயரே 'செக் வால்வ்'. அந்த இயந்திரத்தில் அப்படி ஒரு வால்வும் இருந்தது. படிப்பவர் அதைப் பாகத்தின் பெயராக எடுத்துக்கொண்டு, அதை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தேடுவார். நடுவில் 'தி' சேர்ந்து 'செக் தி வால்வ்' ஆனதும் குழப்பம் போயிற்று.

இதே போல 'கிளீன் ஃபில்டர்' என்றால் ஃபில்டரைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்களா, சுத்தமான ஃபில்டரா? 'ஓப்பன் வால்வ்' என்றால் வால்வைத் திறக்க வேண்டுமா, திறந்திருக்கும் வால்வா? ஆங்கிலத்தில் ஒரே சொல் உருவம் மாறாமல் வினையாகவும் பெயராகவும் அடைமொழியாகவும் வரும். முன்னால் நிற்பது வினை, பின்னால் வருவது பெயர் என்று பிரித்துக் காட்டுவது பல இடங்களில் ஆர்ட்டிகிள் மட்டுமே. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவாகி, இன்று மற்ற துறைகளிலும் பயன்படும் 'ஏஎஸ்டி-எஸ்டிஇ 100' என்ற எளிய தொழில்நுட்ப ஆங்கிலத் தரநிலை, பெயர்ச்சொல்லுக்கு முன் தேவையான இடத்தில் ஆர்ட்டிகிளைப் போடச் சொல்லித் தனி விதியே வைத்திருக்கிறது. விமானத்தைப் பழுது பார்ப்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்பதை மனதில் வைத்து எழுதிய தரநிலை அது. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, ஏதோ ஒரு ஆர்ட்டிகிள் வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் கடினமான பகுதி வருகிறது. எந்த இடத்தில் 'எ', எந்த இடத்தில் 'தி'? முதல் முறை சொல்லும்போது 'எ', அடுத்த முறையிலிருந்து 'தி' என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிதான் சரி. இயந்திரத்தில் ஒரே ஒரு மெயின் ஸ்விட்ச் இருந்தால், முதல் வரியிலேயே 'தி மெயின் ஸ்விட்ச்' என்றுதான் எழுத வேண்டும். எத்தனையாவது முறை சொல்கிறோம் என்பதைவிட, படிப்பவருக்கு அது எது என்று தெரியுமா என்பதுதான் முக்கியம். அதனால் புதியவர்களுக்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் சொல்லித் தருகிறேன். பெயர்ச்சொல் வந்ததும் நிறுத்தி, "எது?" என்று படிப்பவர் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் பதில் இருந்தால் 'தி'. பதில் இல்லை, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்றால் 'எ'. பதில் அவருக்குத் தெரியாது, ஆனால் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ஆர்ட்டிகிளை மாற்றி ஒரு பயனும் இல்லை, வாக்கியத்தையே மாற்ற வேண்டும்.

இந்த மூன்றாவது வகைதான் எங்கள் வேலையில் ஆபத்தானது. ஒரு கண்ட்ரோல் பேனலில் இரண்டு சிவப்பு பட்டன்கள் இருந்தன. ஒன்று அவசர நிறுத்தம், மற்றது ரீசெட். கையேட்டில் 'பிரஸ் தி ரெட் பட்டன்' என்று இருந்தது. இலக்கணப்படி தவறே இல்லாத வாக்கியம். "எந்த பட்டன்?" என்று எழுதியவரிடம் கேட்டேன். "ரீசெட் பட்டன்தான், வேறு எது?" என்றார். அந்தப் பேனலை வரைந்தவர் அவர். அவர் மனதில் அந்தப் படிநிலையில் ஒரே ஒரு சிவப்பு பட்டன்தான் இருந்தது, அதனால் 'தி' தானாக வந்துவிட்டது. இயந்திரத்தின் முன் முதல் முறை நிற்பவர் பார்ப்பது இரண்டு பட்டன்களை. எழுதுபவருக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருப்பதே இங்கே தடையாகிறது. நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களிடமும் இதைப் பார்க்கிறேன், அவர்களிடம்தான் கண்டுபிடிப்பதும் கடினம்.

காப்புரிமை விண்ணப்பம் எழுதுபவர்கள் இந்த விஷயத்தில் எங்களைவிடக் கறாரானவர்கள். உரிமைகோரலில் முதலில் 'எ லீவர்' என்று அறிமுகப்படுத்திய பிறகே 'தி லீவர்' என்று எழுதலாம். முன்னால் அறிமுகம் இல்லாமல் 'தி லீவர்' வந்தால், எந்த லீவர் என்று தெளிவில்லை என்று பரிசோதகர் ஆட்சேபிக்க இடம் உண்டு. கையேடு எழுதும் எல்லோருமே சில காலம் அந்த மாதிரி எழுதிப் பழகினால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

தமிழில் ஆர்ட்டிகிள் இல்லாததால் நமக்கு இது வராது என்பதை நான் ஏற்பதில்லை. 'ஃபில்டர் வாங்கி வா' என்றால் ஏதோ ஒரு ஃபில்டர். 'ஃபில்டரை வாங்கி வா' என்றால் ஏற்கெனவே பேசி வைத்திருக்கும் குறிப்பிட்ட ஃபில்டர். இந்த வேறுபாட்டைக் குழந்தைகூடத் தடுமாறாமல் சொல்லும். அஃறிணைப் பொருள் செயப்படுபொருளாக வரும்போது, 'ஐ' உருபு சேர்வதும் சேராததும் கிட்டத்தட்ட ஆர்ட்டிகிளின் வேலையைச் செய்கிறது. எழுவாய் இடத்தில் இந்த வழி உதவாது. அங்கே 'ஒரு' போட்டுப் பார்க்கலாம்: 'வால்வு கசிகிறது', 'ஒரு வால்வு கசிகிறது'. முதலாவதில் எந்த வால்வு என்று கேட்பவருக்குத் தெரியும். இதை விளக்கியதும் பல பேருடைய முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் உணர்வு அதேதான். அதை ஆங்கிலத்தில் எங்கே காட்டுவது என்று பழகினால் போதும்.

அப்புறம் 'எ', 'ஆன்' தேர்வு. இது சுலபம், எழுத்தைப் பார்க்காமல் ஓசையைக் கேட்க வேண்டும். சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்தால் போதும். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்': ஆன் அவர் (மணிநேரம்), ஆன் எல்இடி. உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ': எ யூஎஸ்பி கேபிள், எ வன்-வே வால்வ்.

எண்ண முடியாத பெயர்கள் இன்னும் சிக்கலானவை. 'எக்விப்மென்ட்', 'சாஃப்ட்வேர்', 'இன்ஃபர்மேஷன்' மூன்றுக்கும் முன்னால் 'எ', 'ஆன்' வராது, பன்மையும் கிடையாது. நம் மனதில் கருவி ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடியது. ஆங்கிலம் அதை மொத்தமாகப் பார்க்கிறது. இதற்குக் காரணம் தேடாமல் மனப்பாடம் செய்வதே வழி. 'ஃபியூ' என்ற சொல்லில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆய்வறிக்கையில் 'எ ஃபியூ லீக்ஸ்' என்றால் சில கசிவுகள் இருக்கின்றன, கவனியுங்கள் என்று பொருள். 'ஃபியூ லீக்ஸ்' என்றால் கசிவு அதிகமில்லை, கவலை வேண்டாம் என்ற தொனி. ஓர் 'எ' விடுபட்டால் எச்சரிக்கை ஆறுதலாகிவிடும்.

இதெல்லாம் ரொம்ப நுணுக்கம் என்று நினைப்பவர்களிடம் 1967 நவம்பர் 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானத்தைச் சொல்வேன். போரில் கைப்பற்றிய பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்கிறது அது. ஆங்கில வாசகத்தில் 'பகுதிகள்' என்பதற்கு முன் 'தி' இல்லை. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சில பகுதிகளிலிருந்தா என்ற வாதம் அதிலிருந்தே கிளம்பியது. பிரெஞ்சு வாசகத்தில் வரும் 'தே' என்ற சொல்லைக் குறிப்பிட்ட பகுதிகள் என்று படிக்க முடியும் என்பதால், வாதம் இன்னும் சிக்கலானது.

எங்கள் வேலையில் அவ்வளவு பெரிய விஷயங்கள் வருவதில்லை. ஆர்ட்டிகிளை நானே விட்டுவிடச் சொல்லும் இடமும் உண்டு. இயந்திரத்தின் மேல் ஒட்டும் லேபிளில் இடம் குறைவு, 'செக் ஆயில் லெவல்' என்று இருந்தால் போதும். அந்த லேபிள் ஒட்டியிருக்கும் இடமே எந்த ஆயில் என்று காட்டிவிடுகிறது. அதே வரியை அப்படியே எடுத்துக் கையேட்டுக்குள் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். கையேட்டின் ஒரே பக்கத்தில் கியர்பாக்ஸும் இருக்கிறது, ஹைட்ராலிக் டேங்கும் இருக்கிறது. இரண்டிலும் ஆயில் ஓடுகிறது.