கறிவேப்பிலைத் தொட்டியில் பச்சைப்புறா

சிங்கப்பூருக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கணவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். ஈசூனில் எட்டாவது மாடியில், வீவக என்னும் அரசு அடுக்குமாடி வீட்டில் பகலெல்லாம் நான் மட்டும்தான். தேக்கா சந்தையில் வாங்கிய இடுப்புயரக் கறிவேப்பிலைச் செடியை வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்திருந்தோம். ஒருநாள் ரசத்துக்கு இலை பறிக்கக் கை நீட்டினேன். உள்ளே ஒரு பறவை அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சாம்பல் தலை, ரோஜா நிறக் கழுத்து, மார்பில் ஆரஞ்சு, உடம்பெல்லாம் பச்சை. கிளி என்றால் அலகு அப்படியில்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதுவரை மின்தூக்கியில் பார்த்துச் சிரித்ததோடு சரி. "பூனாய்" என்றார் மெதுவாக. பச்சைப்புறா! எங்கள் ஊர் ஆலமரத்துக்குப் பழம் தின்ன வருமே, அந்த மஞ்சள் கால் புறாவின் உறவு.

கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சில குச்சிகள், அவ்வளவுதான். அதன்மேல் இரண்டு வெள்ளை முட்டைகள். சாயங்காலம் பார்த்தால் ரோஜாவும் ஆரஞ்சும் போய், வெறும் பச்சையாக ஒரு பறவை இருந்தது. எனக்குப் பதறிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அது பெண். பகலில் ஆண் அடைகாக்கும், இரவில் பெண். தினமும் அந்த ஆள் மாற்றத்தைப் பார்க்கவே கதவைத் திறந்துவைப்பேன்.

இவற்றின் சொந்த இடம் அலையாத்திக் காடுகளும் கடலோரக் காடுகளும்தான். மலேசியா, சுமத்ரா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் என்று பரவி வாழ்பவை. இங்கே 1967இல் தோட்ட நகரம் என்று சொல்லி மரம் நடத் தொடங்கினார்கள். சாலையோரத்தில் அத்தி இனமும் நாவல் இனமும் பழுக்க, இவையும் ஊருக்குள் தங்கிவிட்டன. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் மக்காத்தர் பனையில், சிவப்புப் பழக்கொத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி முழுசாக விழுங்கும். அந்தக் கனத்த உடம்புக்கு இத்தனை வித்தையா என்று ஒவ்வொரு முறையும் வியந்து நிற்பேன்.

குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை, ஏறக்குறைய ஒரு மாதம், செடியில் கை வைக்கவில்லை. "நான் தருகிறேன்" என்று அந்த மலாய் அம்மா தன் வீட்டிலிருந்து கறிவேப்பிலை கொடுத்தார். அவரை மக்சிக், அதாவது மலாயில் அத்தை, என்று கூப்பிடத் தொடங்கியதும் அப்போதுதான். இரண்டாவது குஞ்சும் பறந்துபோன காலையில், கணவருக்குப் போன் செய்யக்கூடத் தோன்றவில்லை. நேராகப் போய் மக்சிக் வீட்டுக் கதவைத் தட்டினேன்.