சமைக்கக்கூட விடாத விடுதிகளும் அகிட்வா பெண்களும்

அயர்லாந்தில் தஞ்சம் கேட்டு வருகிறவர்களை அரசு விடுதிகளில் தங்க வைக்கும் முறை 2000-இல் தொடங்கியது. நைஜீரியா, காங்கோ என்று ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிள்ளைகளோடு வந்த பெண்களுக்குப் பல வருடங்கள் அங்கே கிடைத்தது தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, அப்புறம் வாரத்துக்கு 19 யூரோ 10 சென்ட், அவ்வளவுதான். வேலைக்குப் போக 2018 வரை அனுமதி இல்லை, அதிலும் பல விடுதிகளில் சமைக்கவே விடவில்லை, தன் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தும் ஒரு அம்மா தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இந்தப் பெண்களுக்காக, கென்யாவிலிருந்து வந்த சலோமி ம்புகுவா 2001-இல் டப்ளினில் தொடங்கியதுதான் அகிட்வா என்ற அமைப்பு. புலம்பெயர்ந்த பெண்களே நடத்துவதுதான் அதன் பெரிய பலம். வழக்கம் என்ற பேரில் சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டுகிற பெண்ணுறுப்புச் சிதைவு பற்றி ஒரு சோமாலியப் பெண் முன்பின் தெரியாத அதிகாரியிடம் வாய் திறப்பாளா? தன்னைப் போன்ற இன்னொருத்தியிடம் திறப்பாள். இவர்கள் விடாமல் குரல் கொடுத்ததும் சேர்ந்துதான் 2012-இல் அயர்லாந்தில் இந்தச் சிதைவைத் தடை செய்யும் சட்டம் வந்தது. சிறுமியை அதற்காக வெளிநாட்டுக்குக் கூட்டிப் போனாலும் குற்றம். பாதிக்கப்பட்டவர்களுக்கு டப்ளினில் இலவசச் சிகிச்சையும் உண்டு.

ஆனால் இந்த மாதிரி அமைப்புகள் பெரும்பாலும் நிதியுதவியை நம்பியே ஓடுகின்றன. அரசு இவர்களுக்கு நிரந்தரமாகப் பணம் ஒதுக்க வேண்டும், வருடா வருடம் விண்ணப்பம் எழுத வைக்கக் கூடாது.