42 பேர், ஒரே லிஸ்ட்

மார்ச் 4, 2025, செவ்வாய்

எங்கள் தெரு வாசகசாலைக்கு இரவல் பதிவேடு ஒன்றைப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உறுப்பினர்கள் 42 பேர். இன்று சோதனைக்காக ஒருவர் பெயரில் ஒரு நூலை ஏற்றிப் பார்த்தால், 42 பேர் கையிலும் அதே நூல் இருப்பதாகக் காட்டுகிறது. ஒவ்வொரு பெயராக எடுத்து அச்சிடும் லூப்பில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு மணி நேரம் அதையே நோண்டினேன்.

மார்ச் 5, புதன்

லூப்பில் தப்பே இல்லை. பதிவேட்டைத் தொடங்கும்போது, எல்லாப் பெயருக்கும் ஒரு காலி லிஸ்ட் (நூல்களை வரிசையாக வைக்கும் பட்டியல்) கொடுக்க, பல பெயர்களுக்கு ஒரே மதிப்பைப் போடும் ஃப்ரம்கீஸ் (fromkeys) பயன்படுத்தியிருந்தேன். அதற்குள் போட்ட [], அதாவது காலி லிஸ்ட், ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. 42 பெயரும் அந்த ஒன்றையே சுட்டுகின்றன. ஒரு பொருளின் அடையாள எண்ணைச் சொல்லும் ஐடி (id) ஃபங்ஷனால் பார்த்தேன்: 42 வரியிலும் ஒரே எண்.

நான்கு பூஜ்ஜியம் கொண்ட வரிசையை மூன்று முறை வைக்க [[0] * 4] * 3 என்று எழுதினாலும் இதே கதைதான். மூன்று வரிசை தெரியும், இருப்பதோ ஒரே வரிசை. அப்படியானால் [0] * 4 மட்டும் ஏன் தொந்தரவு தருவதில்லை? இதுதான் இன்று எனக்கு உண்மையில் விளங்கிய இடம். அங்கேயும் நான்கு இடமும் ஒரே பூஜ்ஜியத்தைத்தான் சுட்டுகின்றன. ஆனால் எண்ணை உள்ளே புகுந்து மாற்ற முடியாது. ஓர் இடத்தில் 7 போட்டால் அந்த இடம் வேறொன்றைச் சுட்டத் தொடங்குகிறது, அவ்வளவுதான். லிஸ்டில் அப்பெண்ட் செய்தால், அதாவது கடைசியில் ஒன்றைச் சேர்த்தால், லிஸ்டே மாறுகிறது; அதைச் சுட்டும் எல்லோருக்கும் மாறுகிறது.

இப்போது ஒவ்வொரு பெயருக்கும் லூப்பில் தனித்தனியாக [] உருவாக்குகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

தாமதக் கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷனில் முந்தைய ஆளின் பாக்கி அடுத்தவர் மேல் ஏறியது. இந்த முறை ஐந்தே நிமிடத்தில் பிடித்துவிட்டேன். எதுவும் கொடுக்காமல் அழைத்தால் எடுத்துக்கொள்ளும் டிஃபால்ட் மதிப்பாக [] வைத்திருந்தேன். ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் (def) வரி ஓடும்போதே அது உருவாகிவிடுகிறது, அழைக்கும்போது அல்ல. அதற்குப் பதில் ‘எதுவும் இல்லை’ என்று பொருள்படும் None வைத்து, உள்ளே புது லிஸ்ட் போட்டேன். தகவல்களைச் சேர்த்து வைக்கும் வகையான டேட்டாகிளாஸில் இப்படி [] எழுதினால் பைத்தானே வேல்யூஎரர் என்ற பிழையைக் காட்டித் தடுத்துவிடும். சாதாரண ஃபங்ஷனுக்கும் அப்படி ஒரு காவல் இருந்திருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

பிப்ரவரிப் பதிவைக் காப்பி எடுத்து வைத்திருந்தேன். மார்ச்சில் திரும்பி வந்த நூல்களை நீக்கியபோது அந்தக் காப்பியிலிருந்தும் போய்விட்டன. காப்பி மெத்தட், பெயருக்கு எதிரே லிஸ்டை வைத்திருக்கும் வெளி டிக்‌ஷனரியை மட்டும் புதிதாகச் செய்கிறது. உள்ளே இருக்கும் லிஸ்டுகள் பழையவையே. உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பி போடலாம். ஆனால் உள்ளே இருப்பவை வெறும் நூல் பெயர்கள், அவை மாறாத சரங்கள் (எழுத்துத் தொடர்கள்). அதனால் ஒவ்வொரு லிஸ்டையும் ஒரு முறை தனியாக நகலெடுத்தாலே போதும், அப்படியே செய்தேன்.

அழிந்த 17 பதிவுகளை வாசகசாலை அக்காவின் கையெழுத்து நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்றினேன்.